கார்புரேட்டருக்குள் ஓர் ஆரல்வாய்மொழி

நாகர்கோவில் வடசேரியில் சிவப்பு விளக்கு விழுந்தது. கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். எஞ்சின் இரண்டு முறை உடம்பைக் குலுக்கியது. அப்புறம் சத்தமே இல்லை. டாஷ்போர்டில் ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் சேர்ந்து எரிந்தன. சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொண்டது. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும் மறுபடியும் அணைந்தது. பச்சை விழுந்துவிட்டது. பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

அரை மணி நேரத்துக்கு முன் இதே கார்தான் ஆரல்வாய்மொழியில் இருந்து ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடி வந்தது. வயது முப்பதைத் தாண்டிவிட்டாலும் ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஓடினால் ஓடுகிறது, நிறுத்தினால் நின்றே போகிறது.

பார்வதிபுரம் பக்கம் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப். அதை நடத்துகிறவர் அம்பாசிடர் காலத்தில் தொழில் பழகியவர். பானெட்டைத் திறக்கப்போன என்னைக் கைகாட்டி நிறுத்தினார்.

“எப்பம் நிக்குது?”

“சிக்னல்ல, அண்ணாச்சி. கால எடுத்தா அணைஞ்சிருது.”

“காலையில எடுக்கும்போ?”

“சோக் போட்டா ஒரு கொறையும் இல்ல.”

“ஓட்டத்துல இழுவை கொறையுதா?”

“இல்ல.”

“இதுக்கு முன்னால வண்டியில எதையாவது தொட்டீங்களா?”

“ஒண்ணும் தொடல.”

“அப்பம் பயப்படாண்டாம். தொண்டையில தூசு.”

பானெட்டைத் திறக்காமலே சொல்லிவிட்டார். அவர் சொன்னது ஜோசியம் இல்லை, கணக்கு. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள எஞ்சினுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியவை நான்கு: பெட்ரோல், காற்று, இரண்டையும் அழுத்திப் பிடிக்கும் பிஸ்டன், சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி. இந்த நான்கில் ஒன்று தவறினாலும் வண்டி நிற்கும். இதில் அளவுதான் சூட்சுமம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எடைக்கணக்கை விட்டு லிட்டரில் பார்த்தால் மலைப்பாக இருக்கும்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு சுமார் 9,000 லிட்டர் காற்று. கார் குடிப்பது பெட்ரோல் என்று நினைக்கிறோம். உண்மையில் அது காற்றைத்தான் குடிக்கிறது, பெட்ரோலைத் தொட்டுக்கொள்கிறது.

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று சிக்னலில் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 1,600, நொடிக்கு ஏறத்தாழ 27. சும்மா நிற்கும்போது மணிக்கு 600 மில்லி பெட்ரோல் செலவானால், ஒரு வெடிப்புக்குப் போய்ச் சேருவது அரைக்கால் சொட்டு, அதாவது ஒரு சொட்டில் எட்டில் ஒரு பங்கு. இதை நொடிக்கு 27 முறை அளவு பிசகாமல் அளந்து ஊற்ற வேண்டும். பழைய கார்களில் கம்ப்யூட்டர் கிடையாது, மின்சாரத்துக்கும் இதில் பெரிதாக வேலை இல்லை. சில பித்தளைத் துளைகளும் காற்றோட்டமும் மட்டுமே இந்த வேலையைச் செய்கின்றன. அந்தக் கருவிக்குப் பெயர் கார்புரேட்டர்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகும் இடத்தில் ஒரு இடைவெளி விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாய்க்குள் நெருங்கி நுழையும்போது வேகம் கூடிவிடுகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பது அதனால்தான். ஆடி மாதம் அங்கே பைக் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த வேகம் தோளில் தெரியும்.

கார்புரேட்டரின் நடுவில் இருப்பதும் அப்படி ஒரு கணவாய்தான். அகலமான குழாய், இடையில் குறுகி, மறுபடி அகலும். மலைக்காற்றின் கதையில் இன்னும் பல சிக்கல்கள் உண்டு. குழாய்க்குள் விஷயம் சுத்தமானது. குறுகிய இடத்தில் காற்று வேகமாகப் போகும். வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். இந்த உறவை டேனியல் பெர்னூலி 1738-ல் எழுதிய நூலில் விளக்கினார். குறுகும் குழாயில் திரவம் எப்படி நடந்துகொள்கிறது என்று சோதித்து, ஜொவானி பத்திஸ்தா வெஞ்சூரி என்ற இத்தாலியர் 1797-ல் எழுதினார். கார்புரேட்டரின் இடுப்புக்கு இன்றும் ‘வெஞ்சூரி’ என்றுதான் பெயர். அந்த இடுப்பில் ஒரு சிறு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மறுமுனை பெட்ரோல் நிற்கும் சின்னத் தொட்டியில். இடுப்பில் அழுத்தம் குறைவு, தொட்டியின் மேல் முழு வளிமண்டல அழுத்தம். ஆகவே பெட்ரோல் தானாக மேலேறி, காற்றில் பொடிப்பொடியாகச் சிதறுகிறது.

பெட்ரோலை இப்படித் தூவும் கார்புரேட்டரை 1893-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் டோனாட் பான்கி, யானோஷ் சோன்கா இருவரும் தனித்தனியாக உருவாக்கினார்கள். ஹங்கேரியில் ஒரு கதை சொல்வார்கள்: தெருமுனையில் பூ விற்ற பெண் ஒருத்தி குழாய் வழியே ஊதிப் பூக்களின் மேல் தண்ணீர் தூவிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அவர்களுக்கு யோசனை பிறந்ததாம். கதை உண்மையோ பொய்யோ, தோவாளை பூச்சந்தையில் விடியற்காலை நின்று பார்த்தவர்களுக்கு நம்பத் தோன்றும்.

என் காரின் வியாதி இந்த இடத்தில்தான் பிடிபடுகிறது. ஓட்டத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால், கணவாய்க்குக் கீழே இருக்கும் தகட்டுக் கதவு திறக்கிறது, காற்று பாய்கிறது, பெட்ரோல் ஏறுகிறது. காலை எடுத்தால் கதவு கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. கணவாயில் காற்று ஓய்ந்துவிடும். காற்று ஓய்ந்தால் பெட்ரோலைத் தூக்க ஆள் இல்லை. அந்த நேரத்தில் எஞ்சின் எதைத் தின்று உயிரோடு இருக்கிறது?

இதற்காகத் தனியாக ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். மூடிய கதவுக்குக் கீழே பிஸ்டன்கள் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், அங்கே அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். கதவின் ஓரமாக ஒரு பொடித் துளை. அதன் வழியே கொஞ்சம் பெட்ரோல் இழுக்கப்பட்டு, நிற்கும் எஞ்சினை உயிரோடு வைக்கிறது. அந்தப் பெட்ரோலை அளக்கும் பித்தளைத் திருகுக்கு மெக்கானிக்குகள் வைத்த பெயர் ‘ஸ்லோ ஜெட்’. அதன் துளையின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்தான் இருக்கும்.

அண்ணாச்சி அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நெல்மணியைவிடச் சற்றுப் பெரிது. “வானத்தைப் பாத்துப் பிடிங்க” என்றார். பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. கார்புரேட்டர் கிளீனரை அடித்து, கம்ப்ரஸர் காற்றில் ஊதி மறுபடியும் கொடுத்தார். இப்போது நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, பகலில் தெரியும் நட்சத்திரம் மாதிரி. ஓடும் காரை நிறுத்தி வைத்தது அந்தப் புள்ளியை மறைத்த ஒரு துகள்.

பக்கத்தில் ஒரு செப்புக் கம்பி கிடந்தது. “இதை விட்டுக் குத்தினா என்ன?” என்று கேட்டேன். முறைத்தார். குத்தினால் துளை பெரிதாகும்; அரைக்கால் சொட்டு கால் சொட்டாகும்; கரும்புகை வரும். துளையின் அளவுதான் அந்தக் கருவியின் மூளை. மூளையில் கம்பியை விட யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

சோக் போட்டால் நன்றாக ஓடியது என்று நான் சொன்னதுதான் அவருக்குக் கிடைத்த துப்பு. சோக் என்பது காற்றின் வாயைச் சாத்தி, பெட்ரோலின் பங்கைக் கூட்டும் வேலை. அது உதவுகிறது என்றால் குறைவது பெட்ரோல். ஓட்டத்தில் குறையில்லை என்றால் பம்பும் பில்ட்டரும், ஓட்டத்துக்குப் பெட்ரோல் அளக்கும் மெயின் ஜெட்டும் சரி. மிஞ்சுவது குறுக்கு வழி ஒன்றுதான். அல்லது கார்புரேட்டருக்குக் கீழே எங்காவது ரப்பர் குழாய் வெடித்து, கணக்கில் வராத காற்று உள்ளே போக வேண்டும். சும்மா நிற்கும்போது எஞ்சின் குடிக்கும் காற்று கொஞ்சம் என்பதால் சிறு ஓட்டைகூடப் பெரிய பங்காகிவிடும். வேகத்தில் அதே ஓட்டை கடலில் கரைத்த பெருங்காயம். அண்ணாச்சி ஒரு குழாயின் முனையைக் காதில் வைத்து ‘உஸ்’ சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்திருந்தார்.

“எப்பம் நிக்குது?” என்ற கேள்விக்கு இந்த மாவட்டத்தில் நான்கைந்து பதில்கள் உண்டு. ஒவ்வொன்றும் வேறொரு கதவைத் தட்டும்.

மழையில் நிற்கிறது என்றால் தீப்பொறியைச் சந்தேகிக்க வேண்டும். இடவப்பாதியும் ஐப்பசி மழையும் இரண்டுமே கிடைக்கும் மண் இது. வயலுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் கொடுத்த அதே ஈரம் காருக்கு ஆகாது. 12 வோல்ட் பேட்டரியின் மின்சாரத்தைச் சுருளில் ஏற்றி 20,000 வோல்ட் அளவுக்கு உயர்த்தித்தான் பிளக்கின் இடைவெளியில் பொறி பறக்க விடுகிறார்கள். சார்ல்ஸ் கெட்டரிங் வகுத்த இந்த முறை 1910-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. அவர் நடத்திய கம்பெனியின் சுருக்கப் பெயர் டெல்கோ. பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை நம்மூரில் பல மெக்கானிக்குகள் இன்றும் ‘டெல்கோ’ என்றே சொல்வதை அவர் கேட்டால் சந்தோஷப்படுவார்.

அத்தனை வோல்ட் மின்சாரம் சுலபமான வழி எது என்று தேடிக்கொண்டே இருக்கும். கடற்கரை ஊர்களில் அதற்கு வழி போட்டுக் கொடுப்பது உப்பு. முட்டம், குளச்சல் பக்கம் இரவில் வெளியே நிற்கும் காரின் மேல் காலையில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றில் இருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடியில் நடப்பதும் இதுதான். டெல்கோ மூடியின் உட்புறத்தில் அப்படி ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் பரவினால், பொறி பிளக்குக்குப் போகாமல் அதன் வழியே ஓடிவிடும். மருந்து எளியது: மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் அந்த வயர்களைத் தொடக்கூடாது.

பள்ளத்தில் குலுங்கும்போது சுவிட்சை அணைத்ததுபோல் நின்று, அடுத்த குலுக்கலில் உயிர் பெறுகிறது என்றால், அதுவும் உப்பின் வேலையாக இருக்கலாம். பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் முடிந்தது. பொதுவாக ஒரு விதி சொல்வார்கள்: திணறித் திணறி நின்றால் பெட்ரோல், பட்டென்று நின்றால் கரன்ட்.

மதிய வெயிலில் மலையேறும்போது நிற்கிறது என்றால் கதை வேறு. தடிக்காரன்கோணம் தாண்டி கீரிப்பாறை ஏறும் வழியில், பானெட்டைத் திறந்து வைத்து, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிய அம்பாசிடர்களைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. பெட்ரோல் ஒரே பொருள் இல்லை. நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை. அதில் லேசானவை 40 டிகிரிக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கிவிடும். ஏற்றத்தில் எஞ்சின் அனல் கக்கும், வேகம் இல்லாததால் காற்றும் படாது. பம்ப் உறிஞ்சும் குழாயில் அழுத்தமும் குறைவு. ஆகவே கொதிப்பு இன்னும் சீக்கிரம் வரும். குழாயில் பெட்ரோலுக்குப் பதில் ஆவி நிற்கும். பம்ப் அந்தக் குமிழியை அமுக்கி அமுக்கி விடுமே தவிர நகர்த்தாது. ஈரத்துணியில் இருந்து நீர் ஆவியாகும்போது பம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். டிரைவர்கள் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, கழுத்தில் கிடந்த துண்டை நனைத்துக் கண்டுபிடித்தார்கள்.

இன்னொரு வகையும் நம் மாவட்டத்தில் உண்டு: வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீட்டுக் கார். பத்துப் பதினோரு மாதம் போர்வைக்குள் கிடக்கும். லீவுக்கு வந்தவர், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பினால் பாதி வழியில் அணையும். கார்புரேட்டர் தொட்டியில் விட்டுப்போன பெட்ரோலில் லேசானது ஆவியாகி, மிஞ்சியது பிசினாகி, ஜெட்டுகளை அடைத்திருக்கும். இப்போது பெட்ரோலில் எத்தனாலும் சேருகிறது; 2025-ல் நாடு முழுக்க அந்தப் பங்கு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். தாங்கும் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அடியில் இருப்பதைத்தான். அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. உப்பி, உரிந்து, துகள் துகளாக வரும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் காற்று–பெட்ரோல் கணக்கும் மாறுகிறது. கம்ப்யூட்டர் உள்ள கார் அதைக் கண்டு சரிசெய்யும். பித்தளைத் துளைக்கு அது தெரியாது. ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்கள் குழாய்களை மாற்றி, பெட்ரோல் பில்ட்டரை அடிக்கடி மாற்றி, வாரத்துக்கு ஒரு முறையாவது வண்டியை ஓட்டி வைப்பது நல்லது.

2000-ஐ ஒட்டி, புகைக் கட்டுப்பாடு இறுகியபோது புதிய கார்களில் இருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. இன்ஜெக்‌ஷன் கார்களில் சென்சார்கள் காற்றை அளக்கின்றன, கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தெளிக்கிறது. அங்கும் சிக்னலில் கார் நின்றால் பெரும்பாலும் முதலில் கழற்றுவது அதே காற்றுக்கதவைத்தான். ஓரத்தில் படிந்த கரியைத் துடைத்தால் பாதி வண்டிகள் சரியாகிவிடும் என்பது அண்ணாச்சியின் அனுபவக் கணக்கு.

அவரிடம் நான் கற்றது ஒழுங்கு. முதலில் கேள்வி. பிறகு கண்ணுக்குத் தெரிவது: கழன்ற வயர், வெடித்த குழாய், ஏர் பில்ட்டரில் அப்பிய செம்மண். பிறகு காசில்லாமல் கழற்றிப் பார்க்கக்கூடியது: பிளக். அதன் முனை பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் எரிதல் சுகம், கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. செலவு வைக்கும் சாமான் கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்தது. மூன்றை ஒன்றாக மாற்றினால் வண்டி சரியாகலாம். எது பழுது என்று கடைசிவரை தெரியாது. ஆய்வுக்கூடத்தில் பின்பற்றும் முறையும் இதுதான்.

இதற்கு எனக்கு ஒரு தேர்வு வந்தது, மூன்று மாதம் கழித்து. காவல்கிணற்றுக்குப் போகும் வழியில், முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே, கார் திணறித் திணறி நின்றது. ஓரமாக உருட்டினேன். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் மிஞ்சும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, சாவியை முழுக்கத் திருப்பி ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டேன். கால் மணி நேரம் காத்திருந்து எடுத்தால் ஓடியது. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது.

போனை எடுத்தேன். அண்ணாச்சியின் எண்ணை அழுத்தும் முன் அவர் கேட்கப்போகும் கேள்விகளை நானே கேட்டுக்கொண்டேன். எப்பம் நிக்குது? ஓடி ஓடி, கொஞ்ச நேரம் கழித்து. பட்டென்றா, திணறியா? திணறி. அப்படியானால் பெட்ரோல். இதுக்கு முன்னால எதைத் தொட்டீங்க?

தொட்டிருந்தேன். முந்தின வாரம் பெட்ரோல் டேங்க் மூடி தொலைந்து, ஒரு கடையில் புதிது வாங்கிப் போட்டிருந்தேன். பழையதைவிட நன்றாக, இறுக்கமாகப் பொருந்தியது.

எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் டின் வாங்கினால் அம்மா ஆணியால் இரண்டு ஓட்டை போடுவாள். ஒன்று எண்ணெய் வர, எதிரே இன்னொன்று காற்று போக. ஒன்று மட்டும் போட்டால் எண்ணெய் களக் களக்கென்று தயங்கி, நின்றுவிடும். வெளியே போகும் எண்ணெயின் இடத்துக்கு உள்ளே காற்று வந்தாக வேண்டும். பெட்ரோல் டேங்கும் ஒரு டின்தான். அந்தக் கார்களில் மூடியிலேயே அதற்கு ஒரு பொடித் துளை இருக்கும்.

இறங்கிப் போய் மூடியைத் திருகினேன். ‘உஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு மூச்சு, வெளியில் இருந்து உள்ளே போயிற்று. உட்புறம் திருப்பிப் பார்த்தேன். வழவழவென்று ஒரே தகடு. துளை இல்லை.

மூடியை அரைத்திருகு தளர்த்தி வைத்து, மெதுவாக நாகர்கோவில் திரும்பினேன். வடசேரியில் சிவப்பு விழுந்தது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் காத்திருந்தேன். எஞ்சின் நொடிக்கு 27 முறை தன் அரைக்கால் சொட்டை வாங்கிக்கொண்டு, நின்ற இடத்தில் நிற்காமல் இருந்தது.